காணி உறுதி இல்லாதவருக்கும் அரசு பிணை நிற்கும் கடன் சேரட்டும்

இலங்கை மத்திய வங்கியின் ஆளுநர் அவர்களுக்கும், திறைசேரியின் செயலாளர் அவர்களுக்கும், தேசிய கடன் உத்தரவாத நிறுவனத்தின் பணிப்பாளர் சபையினருக்கும்,

வணக்கம்.

கொட்டாஞ்சேனையிலும் ஜிந்துப்பிட்டியிலும் ஆமர் வீதிப் பக்கத்திலும் உள்ள சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதுவது என் தொழில். அச்சகம், தையற்கடை, நகைப்பட்டறை, வாகன உதிரிப்பாகக் கடை, பலகாரம் செய்து கடைகளுக்குப் போடும் வீடு என்று பல இடத்துப் பேரேடுகள் என் மேசைக்கு வருகின்றன. வருமான வரிப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கும் கையோடு வங்கிக் கடன் விண்ணப்பத்தையும் நானே நிரப்பிக் கொடுப்பது வழக்கம். அதனால், அரசு அறிவிக்கும் சலுகைக் கடன் ஒவ்வொன்றும் எதுவரை வருகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான். அரசு தன் பணத்தையும் தன் பெயரையும் வங்கிகளிடம் பிணையாக வைக்கிறது. யாருக்குக் கடன் கொடுப்பது என்பதை மட்டும் வங்கிகளே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடுகிறது. வங்கியோ தன் பழைய வழக்கப்படி காணி உறுதி வைத்திருப்பவரைத் தேடிக் கொடுக்கிறது. காணி வைத்திருப்பவருக்கு அரசின் பிணை தேவையே இல்லை. அது யாருக்குத் தேவையோ, அவர் வங்கி வாசலோடு திரும்பிவிடுகிறார்.

2018இல் ‘என்டர்பிரைஸ் சிறீலங்கா’ என்ற பெயரில், வட்டியின் ஒரு பகுதியை அரசே ஏற்கும் கடன்கள் வந்தன. 2020இல் கொவிட் முடக்கத்தின்போது மத்திய வங்கி ‘சௌபாக்கியா’ மறுமலர்ச்சிக் கடனைத் தொடங்கியது: மொத்தம் 150 பில்லியன் ரூபா, ஆண்டுக்கு 4 வீத வட்டி, முதல் ஆறு மாதம் தவணை இல்லை. அந்த ஆண்டு யூன் மாதம், பணம் தொழில் செய்வோரின் கைக்குப் போய்ச் சேரவில்லை என்று அன்றைய ஜனாதிபதி மத்திய வங்கி அதிகாரிகளை அழைத்துக் கடிந்துகொண்டதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அதன் பிறகுதான், கடனில் 50 முதல் 80 வீதம் வரை மத்திய வங்கியே பொறுப்பேற்கும் உத்தரவாதம் வந்தது. இப்போது அந்தப் பொறுப்பை நிலையாக ஏற்பதற்கென்று, ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு, திறைசேரியும் வங்கிகளும் பங்குதாரர்களாகச் சேர்ந்து தேசிய கடன் உத்தரவாத நிறுவனம் அமைந்திருக்கிறது. அதை நான் மனமார வரவேற்கிறேன். எங்கள் தெருக்களில் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒன்று அது. அதனால்தான் இது வழக்கமான வழியில் போய்விடக் கூடாது என்று இவ்வளவு கவலைப்படுகிறேன்.

வழக்கமான வழி என்னவென்று ஒரு தையற்கடையை வைத்துச் சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் ஒரு சந்துக்குள் இரண்டு தையல் இயந்திரங்களோடு ஒரு அம்மா கடை நடத்துகிறார். கணவர் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள் உதவிக்கு நிற்கிறார்கள். அரசு மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் சீருடைத் துணி பாடசாலை தொடங்கும் காலத்தில் கட்டுக்கட்டாக அவரிடம் வரும். ஓவர்லொக் இயந்திரம் இல்லாததால் ஓரம் அடிக்க வேறு இடத்துக்குக் கொடுத்து வாங்குகிறார். கூலியில் ஒரு பங்கு அங்கே போய்விடுகிறது. ஒரு ஓவர்லொக் இயந்திரமும், வெள்ளைத் துணியை மொத்தமாகக் கெய்சர் வீதியில் எடுத்து வைக்கக் கொஞ்சம் கைமுதலும் இருந்தால் அவருடைய வருமானம் ஒன்றரை மடங்காகும் என்பது என் கணக்கு. அதை நான் எழுதியே கொடுத்தேன்.

அவரிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. தடித்த அட்டை போட்டது. பிள்ளையின் பெயர், பாடசாலை, தோள், நீளம், வாங்கிய முற்பணம், மிச்சம், கொடுத்த தேதி என்று பக்கம் பக்கமாகக் கோடு போட்டு எழுதியிருக்கிறார். மிச்சம் வந்து சேர்ந்ததும் சிவப்பு மையால் ஒரு சரி அடையாளம் போடுகிறார். சரி போடாத வரிகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தொழில் எப்படி நடக்கிறது, ஒரு மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாரா என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் கண்டதில்லை. அந்தக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டுதான் வங்கி அதிகாரியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். வங்கியின் பெயர் இங்கே வேண்டாம். இது ஒரு வங்கியின் குறையும் இல்லை.

அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். முதற்கேள்வி, “அம்மா, உங்கள் பெயரில் காணி உறுதி ஏதும் இருக்கிறதா?” என்பது. இல்லை என்றதும், “அப்படியென்றால் அரச உத்தியோகத்தில் உள்ள இரண்டு பேர் பிணை நிற்பார்களா?” என்று கேட்டார். அரசு உத்தரவாதம் தரும் கடன் என்று அறிவித்திருக்கிறார்களே என்று நான் இடையில் கேட்டேன். “அதெல்லாம் தலைமை அலுவலகம் பார்க்கிற விஷயம், ஐயா. கிளைக்கு வருகிற விண்ணப்பத்துக்கு ஈடு இருக்க வேண்டும்” என்றார். கொப்பி திறக்கப்படவில்லை. மறுத்ததற்கு எழுத்தில் ஒரு வரியும் இல்லை. விண்ணப்பத்தை ஏற்கவே இல்லை என்பதால், எந்தக் கணக்கிலும் அது மறுக்கப்பட்ட விண்ணப்பமாகவும் பதிவாகியிருக்காது.

அம்மா தன் சங்கிலியையும் மகளின் காப்பையும் அடகு வைத்துத் துணி எடுத்தார். போதாததற்கு நாள் வட்டிக்காரரிடம் வாங்கினார். அவர் உறுதி கேட்கவில்லை. கடையை ஒரு பார்வை பார்த்தார், கொப்பியைப் புரட்டிப் பார்த்தார், எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கொப்பியின் பெறுமதி நாள் வட்டிக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் அதற்கு வாங்கும் விலையைத்தான் தாங்க முடியவில்லை.

வடகொழும்பில் காணி உறுதி என்பது எத்தனை பேரிடம் இருக்கும் என்பதை நீங்கள் ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும். ‘தோட்டம்’ என்று இங்கே சொல்லப்படும் நெருக்கமான நகரக் குடியிருப்புகளில் இருப்பவர்களிடம் இல்லை. நகர அபிவிருத்தி அதிகார சபையின் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டவர்களில் பலர் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டு உறுதிக்காகக் காத்திருக்கிறார்கள். புறக்கோட்டையிலும் ஆமர் வீதியிலும் கடை வைத்திருப்பவர் பெரிய முற்பணம் கொடுத்து வாடகைக்கு எடுத்தவர். பாட்டன் வழி வீடு இருந்தாலும் அது ஏழெட்டுப் பேரின் பிரிபடாத பங்காக இருக்கும். கையெழுத்துப் போட வேண்டியவர்களில் இருவர் கனடாவில் இருப்பார்கள். மலையகத்திலிருந்து சிறுவனாக வந்து கடைச் சிப்பந்தியாக நின்று, பிறகு சொந்தமாக ஒரு பெட்டிக்கடை போட்டவருக்கு ஊரிலும் காணி இல்லை, இங்கும் இல்லை. 1983 யூலையில் கடைகளோடு பேரேடுகளும் உறுதிகளும் எரிந்துபோன குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. சீட்டுக் காசிலும் உறவினர் கைமாற்றிலும் மீண்டும் எழுந்தவர்கள் அவர்கள். வங்கி கேட்கும் பழைய வரலாறு அவர்களிடம் காகிதத்தில் இல்லை, தெருவில் இருக்கிறது.

இந்த நகரத்துக்கு இது புதிய பிரச்சினையும் இல்லை. வெள்ளையர் காலத்து வங்கிகள் ஏற்றுமதித் தோட்டங்களுக்கும் பெரிய கம்பனிகளுக்கும் கொடுத்தன. உள்ளூர் வியாபாரிகளை நேரே அணுகவில்லை. இடையில் இருந்தவர்கள் செட்டியார் தெருவின் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். வங்கியிடம் வாங்கி, ஒரு வட்டி வைத்து, சிறு வியாபாரிக்குக் கொடுத்தார்கள். வங்கிகளுக்குள்ளேயே ‘ஷ்ரொஃப்’ என்ற ஒருவர் இருந்தார். இன்னாருக்குக் கொடுக்கலாம், நான் பொறுப்பு என்று சொல்வது அவர் வேலை. அதாவது அந்தக் காலத்திலும் உத்தரவாதம் இருந்தது. ஆளைத் தெரிந்தவர் கொடுத்த உத்தரவாதம் அது. 1934இல் சேர் சொராப்ஜி பொச்கானவாலா தலைமையில் அமைந்த வங்கி ஆணைக்குழு, உள்ளூர் மக்களுக்குக் கடன் கிடைக்காத நிலையை ஆராய்ந்தது. அதன் விளைவாக 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. 1955இல் டீ.எஃப்.சீ.சீ., 1979இல் தேசிய அபிவிருத்தி வங்கி என்று, தொழிலின் திட்டத்தைப் பார்த்து நீண்டகாலக் கடன் கொடுப்பதற்கென்றே இரண்டு நிறுவனங்கள் வந்தன. அவை இரண்டும் இன்று மற்ற வங்கிகளைப் போல வணிக வங்கிகள். திட்டத்தைப் படித்துக் கடன் கொடுக்கும் கலை இந்த நாட்டில் தெரியாத ஒன்றாக இருக்கவில்லை. இருந்ததைக் கைவிட்டிருக்கிறோம்.

வங்கிகளின் பக்கத்தையும் நான் அறிவேன். அவர்கள் கையில் இருப்பது வைப்பாளர்களின் பணம். அந்த வைப்பாளர்களும் நாங்களே. ஐந்து இலட்சம் ரூபாக் கடனுக்கும் ஐந்து கோடிக் கடனுக்கும் கோப்பு வேலை ஏறக்குறைய ஒன்றுதான். கடன் திரும்பாமல் போனால் தலைமை அலுவலகம் கேள்வி கேட்பது கிளை முகாமையாளரைத்தான். அவருக்கு அரசின் உத்தரவாதம் தொலைவில் உள்ள ஒன்று. முதலில் வழக்குப் போட வேண்டுமா, எத்தனை மாதத்தில் பணம் வரும், ஒரு காகிதம் குறைந்தால் கோரிக்கை நிராகரிக்கப்படுமா என்ற கேள்விகளுக்கு அவருக்குத் தெளிவான பதில் கிடைப்பதில்லை. காணி உறுதியைக் கையில் பிடித்துப் பார்க்கலாம். அதனால் உத்தரவாதத்தையும் வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் உறுதியையும் கேட்கிறார். தனி மனிதராக அவர் செய்வதில் தவறு காண மாட்டேன். அவரை அப்படி நடக்க வைக்கும் விதியை எழுதியவர்கள் நீங்கள், மாற்றக்கூடியவர்களும் நீங்கள்.

இன்னொன்று. சிறு, நடுத்தர முயற்சி என்ற சொல்லுக்குள் நீங்கள் அடக்கியிருப்பது மிகப் பெரிய கூட்டம். 2016ஆம் ஆண்டின் தேசியக் கொள்கையின்படி, உற்பத்தித் துறையில் 10 பேருக்கு மேற்படாத ஊழியரும் 15 மில்லியன் ரூபாவுக்கு மேற்படாத ஆண்டு விற்பனைப் புரள்வும் உள்ளது நுண்முயற்சி. 300 ஊழியர் வரையும் 750 மில்லியன் ரூபாப் புரள்வு வரையும் உள்ளது நடுத்தர முயற்சி. இந்த இரண்டும் ஒரே வரிசையில் நின்றால் வங்கி யாரை முதலில் கூப்பிடும்? இந்தத் துறை நாட்டின் உற்பத்தியில் 52 வீதம், வேலைவாய்ப்பில் 45 வீதம் என்று மேடைகளில் பெருமையாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பெருமையில் தையற்கடை அம்மாவும் கணக்கில் இருக்கிறார். கடன் பட்டியலில்தான் இல்லை.

2022ஐப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. 2021இன் தொடக்கத்தில் வங்கிகளின் முதன்மைக் கடன் வட்டி, அதாவது மிக நம்பகமான வாடிக்கையாளர்களுக்குப் போடும் வட்டி, 6 வீதத்தை ஒட்டி இருந்தது. 2022 முடியும்போது அது 27 வீதத்தைத் தாண்டியிருந்தது. மாறும் வட்டியில் கையெழுத்துப் போட்டவர்களின் தவணை அவர்கள் கண்முன்னே ஊதிப் பெருத்தது. அதே ஆண்டில், குறுகிய காலத்துக்குக் கடன் வாங்க வெளியிடும் திறைசேரி உண்டியல்களுக்கு அரசு 30 வீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தது. ஆபத்தே இல்லாமல் அரசுக்குக் கொடுத்து 30 வீதம் வாங்கக்கூடிய வங்கி, ஜிந்துப்பிட்டி அச்சகத்துக்கு எதற்காகக் கொடுக்கப்போகிறது? அந்த அச்சகத்தின் பேரேட்டை நான் எழுதியவன். கடதாசி கிடைக்காமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் பரீட்சையே தள்ளிப்போன மார்ச் மாதம் அது. கல்யாண அழைப்பிதழும் கோயில் துண்டுப்பிரசுரமும் அடிக்கும் சின்ன அச்சகம் என்ன செய்யும்? இயந்திரம் நின்றது, மின்சாரம் பாதி நாள் இல்லை, தவணை மட்டும் ஏறிக்கொண்டே போனது. சில மாதம் தவணை தவறியது. அவர் பின்னர் முழுவதையும் கட்டி முடித்தார். ஆனால் கடன் வாங்கியவர்களின் வரலாற்றைப் பதிந்து வைக்கும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் அந்த மாதங்கள் இன்னும் நிற்கின்றன. எந்த வங்கிக்குப் போனாலும் அந்தத் தாளைத்தான் முதலில் எடுத்து வைக்கிறார்கள்.

நாடே தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று 2022 ஏப்ரல் 12ஆம் திகதி அறிவித்தது. நாட்டுக்குக் கடன் மறுசீரமைப்பு கிடைத்தது, கிடைத்தது நல்லது. ஈடு வைத்த கடனாளிகளின் சொத்தை நீதிமன்றம் போகாமலே ஏலம் விட வங்கிகளுக்கு இருக்கும் பராட்டே அதிகாரமும் 2024 டிசெம்பர் 15 வரை, பிறகு 2025 மார்ச் 31 வரை என்று நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தச் சட்டத்தால் காப்பாற்றப்பட ஏலம் போடக்கூடிய ஒரு சொத்தாவது வேண்டும். சொத்தில்லாமல் தொழிலை மட்டும் இழந்தவருக்கு, நெருக்கடிக் காலத் தவறுதலை வேறு கண்ணோடு பார்க்கும் ஒரு விதி இன்றுவரை தேவைப்படுகிறது. அரச உத்தரவாதம் உள்ள கடன்களுக்காவது, 2020 முதல் 2022 வரையான தவறுதலை, பின்னர் கட்டித் தீர்த்திருந்தால், மறுப்புக்குக் காரணமாக எடுக்கக் கூடாது என்று நீங்கள் கட்டளையிட முடியும்.

கட்டளையிட முடியும் என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்கிறேன். அரசின் பிணையைப் பெறுகிறவரிடம் நிபந்தனை போடும் உரிமை அரசுக்கு இருக்கிறது. அயலிலே பாருங்கள். இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் சிறு முயற்சிகளுக்கான கடன் உத்தரவாத நிதியம் அமைந்தது. அதோடு நிற்காமல், நுண், சிறு முயற்சிகளுக்கு 10 இலட்சம் இந்திய ரூபா வரையான கடனுக்கு ஈடு கேட்கவே கூடாது என்று 2010இல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவு போட்டது. அமெரிக்காவில் 2020 ஏப்ரலில் தொழில்களுக்கான அவசரக் கடன் 349 பில்லியன் டொலரும் 13 நாட்களில் தீர்ந்தது. வங்கியோடு ஏற்கனவே நெருக்கமான பெரிய வாடிக்கையாளர்கள் முந்திக்கொண்டார்கள் என்ற கோபம் நாடெங்கும் எழுந்தது. அதன் பின் 2021 பெப்ரவரியில், 20க்குக் குறைந்த ஊழியர் உள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று 14 நாட்களை ஒதுக்கினார்கள். கடன் கொடுத்தவை அங்கேயும் தனியார் வங்கிகளே. வரிசையை மாற்றியது அரசு.

நூற்றுக்கு நூறு உத்தரவாதம் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. பிரித்தானியாவில் கொவிட் காலத்தில் 50,000 பவுண் வரையான கடனுக்கு முழு உத்தரவாதம் கொடுத்தார்கள். வங்கிக்கு இழப்பதற்கு எதுவும் இல்லாததால் யார் கேட்கிறார் என்று சரியாகப் பார்க்கவில்லை. மோசடிக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். வங்கியின் பங்கும் கடனில் இருக்கட்டும். ஆளைப் பார்த்து, தொழிலைப் பார்த்துக் கொடுக்க அது அவர்களைத் தூண்டும். நான் கேட்பது, அரசு பொறுப்பேற்ற பங்குக்கு மீண்டும் காணி கேட்கக் கூடாது என்பதை. கடனில் மூன்றில் இரண்டு பங்கை உத்தரவாதம் மூடுகிறது என்றால், மீதி ஒரு பங்குக்கு மட்டும் வங்கி தனக்கு வேண்டிய ஈட்டைக் கேட்கட்டும். அந்த ஈடும் காணியாகத்தான் இருக்க வேண்டுமா?

முச்சக்கர வண்டியைப் பாருங்கள். காணி ஒரு பேர்ச் கூட இல்லாத இளைஞருக்குக் குத்தகைக் கம்பனி வண்டி கொடுக்கிறது, வண்டியே ஈடு. அதனால் எங்கள் பகுதியில் கைத்தொழில் தெரிந்த பிள்ளைகள் கூட வண்டியை எடுத்துக்கொண்டு சந்தியில் நிற்கிறார்கள். ஓவர்லொக் இயந்திரத்துக்கோ சிறிய அச்சு இயந்திரத்துக்கோ அதே வழி திறந்திருந்தால் அவர்களில் பலர் பட்டறையில் இருந்திருப்பார்கள். அசையும் சொத்தை ஈடாகப் பதிய 2009இலேயே சட்டம் வந்தது, 2024இல் புதிய சட்டமும் இயற்றப்பட்டது. இயந்திரம், கையிருப்புச் சரக்கு, வர வேண்டிய பணம் எல்லாவற்றையும் பதியலாம். சட்டம் இருக்கிறது. வங்கிக் கிளைகளின் விண்ணப்பப் படிவத்தில் அதற்கு ஒரு பெட்டி இல்லை.

பேரேட்டையும் சான்றாக ஏற்க வைக்க வேண்டும். கெய்சர் வீதி மொத்த வியாபாரி கடனுக்குத் துணி கொடுத்து, ஒழுங்காகத் திரும்பப் பெற்றிருக்கிறார் என்றால் அவருடைய கணக்கு ஒரு சாட்சி. மின்கட்டணச் சிட்டை ஒரு சாட்சி. கைப்பேசியால் பணம் செலுத்தும் லங்கா கியூஆர் வழியாக வந்த வரவு ஒரு சாட்சி. தவறாமல் கட்டிய கடை வாடகை ஒரு சாட்சி. உத்தரவாத நிறுவனம் தானே இப்படியான ஒரு சான்றுப் பட்டியலை வெளியிட்டு, இவற்றை வைத்துக் கொடுத்த கடன் திரும்பாமல் போனாலும் கோரிக்கையை மறுக்க மாட்டோம் என்று எழுத்தில் சொன்னால், கிளை முகாமையாளர் துணிந்து கையெழுத்துப் போடுவார். அவருக்குத் தேவை அந்த ஒரு தாள்.

மறுப்பு எழுத்தில் வர வேண்டும். இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். வாய்ச்சொல்லால் திருப்பி அனுப்பப்பட்டவர் யாரிடம் போய் முறையிடுவார்? மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம் என்று நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அழைத்தால் முதலில் கேட்பது, வங்கி என்ன காரணம் சொன்னது என்றுதான். விண்ணப்பத்தைப் பெற்றதற்கு ஒரு பற்றுச்சீட்டு, குறித்த நாட்களுக்குள் ஒரு பதில், மறுத்தால் காரணம். இவ்வளவும் விண்ணப்பித்தவரின் மொழியில்.

மொழியைப் பற்றி நான் நீட்ட விரும்பவில்லை. தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி என்பதை அரசியலமைப்பே சொல்கிறது. 2023இல் மத்திய வங்கி நிதி நுகர்வோரைப் பாதுகாக்கவென்று ஒழுங்குவிதிகளையும் வெளியிட்டது. ஆனால் கடன் ஒப்பந்தம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நீட்டப்படுகிறது. வட்டி மாறும் என்ற வரி பதினோராவது பக்கத்தில் இருக்கும். கையெழுத்துப் போட்டவர்கள் அதை 2022இல்தான் தெரிந்துகொண்டார்கள். உத்தரவாதக் கட்டணத்தை யார் கட்டுவது, கடன் திரும்பாமல் போனால் உத்தரவாதம் யாரைக் காப்பாற்றும் என்பதையும் கடனாளிக்கு அவர் மொழியில் சொல்ல வேண்டும். அரசு பிணை நின்றதால் கடன் தள்ளுபடியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். உத்தரவாதம் வங்கியின் இழப்பை ஈடுசெய்வது, கடனாளி கடனாளியாகவே இருப்பார் என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது. அது என் வேலையாக இருக்கக் கூடாது.

கடைசியாக, கணக்கு. எத்தனை பில்லியன் கொடுத்தோம் என்ற ஒரே எண்ணைத்தான் ஒவ்வொரு திட்டத்தின் முடிவிலும் கேட்கிறோம். எனக்கு அந்த எண்ணிலிருந்து எதுவும் தெரியவில்லை. உத்தரவாத நிறுவனம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வங்கி வாரியாக, இவற்றை வெளியிடட்டும்: வந்த விண்ணப்பம் எத்தனை, மறுக்கப்பட்டது எத்தனை, ஏன்; பத்து இலட்சம் ரூபாவுக்குக் கீழ்ப்பட்ட கடன் எத்தனை; வாழ்க்கையில் முதல் முறையாக வங்கிக் கடன் பெற்றவர் எத்தனை பேர்; பெண்கள் எத்தனை பேர்; எந்தப் பிரதேச செயலகப் பிரிவு; உத்தரவாதத்துக்கு மேலதிகமாகக் காணி ஈடு வாங்கப்பட்ட கடன் எத்தனை. இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒவ்வொரு வங்கியும் பகிரங்கமாகப் பதில் சொல்ல நேர்ந்தால், வேறு எந்தச் சுற்றறிக்கையும் செய்யாத மாற்றம் நடக்கும் என்று நம்புகிறேன். காணியை வாங்கிக்கொண்டுதான் கொடுப்போம் என்று பிடிவாதம் பிடிக்கும் வங்கிக்கு அடுத்த ஆண்டு உத்தரவாத ஒதுக்கீட்டைக் குறையுங்கள். சிறியவர்களுக்குக் கொடுத்து நல்லபடி வசூலித்த வங்கிக்குக் கூட்டுங்கள்.

பாடசாலைச் சீருடைக் காலத்துக்கு மூன்று மாதம் முன்பே துணி எடுத்து வைக்க வேண்டும். இந்த ஆண்டு அந்தப் பருவம் தொடங்குவதற்கு முன், காணி ஈடு பற்றிய அந்த ஒரு கட்டளையையாவது வெளியிடுங்கள். சுற்றறிக்கை வந்த மறுநாளே நான் விண்ணப்பங்களை எடுத்துக்கொண்டு மீண்டும் அதே கிளைக்குப் போகிறேன். உங்கள் அதிகாரிகளில் ஒருவர் விரும்பினால் என்னோடு வரலாம். பேரேடுகளையும் காட்டுகிறேன், அவற்றுக்குச் சொந்தமானவர்களையும் அறிமுகப்படுத்துகிறேன்.

இப்படிக்கு,
கணக்கு எழுதுபவர் ஒருவர்
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13